ஷெட்டிலிருந்து ஷெட் வரை: வடசென்னையில் கார் வாடகைக்கு எடுக்க ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டைக்குக் குடிவந்த புதிதில், ஒரு செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போய்வரத் தொலைபேசியில் ஒரு கார் பேசினேன். எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர், 2,200 ரூபாய் என்றார்கள். வீட்டிலிருந்து கோயிலுக்குப் போய்த் திரும்ப 72 கிலோமீட்டர்தான் ஆயிற்று. காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பிற்பகல் ஒரு மணிக்கெல்லாம் வாசலில் இறங்கிவிட்டோம். தூரத்திலும் நேரத்திலும் மிச்சம் பிடித்துவிட்ட நிறைவோடு பணத்தை எடுத்தபோது, ஓட்டுநர் டிரிப் ஷீட்டை நீட்டினார். கார் போரூரிலுள்ள ஷெட்டிலிருந்து காலை 4.50-க்குப் புறப்பட்டதாகவும், மீண்டும் அங்கே போய்ச் சேர 2.05 ஆகும் என்றும், வந்து திரும்ப 46 கிலோமீட்டர் என்றும் அதில் எழுதியிருந்தது. கூடுதலாக 38 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 16 ரூபாய் வீதம் 608 ரூபாய். கூடுதல் நேரம் ஒன்றேகால் மணி, அதை இரண்டு மணியாகக் கொண்டு 400 ரூபாய். ஆக 1,008 ரூபாய். முருகனுக்கு ஆயிரத்தெட்டுப் போற்றி சொல்லிவிட்டு வந்த எனக்கு, வாடகையிலும் அதே எண் வந்து நின்றது.

அந்த ஓட்டுநர் என்னை ஏமாற்றவில்லை. 'ஷெட் டு ஷெட்' என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாக உள்ள வழக்கம்; கார் தான் நிற்கும் இடத்திலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பிச் சேரும் வரையுள்ள தூரமும் நேரமும் வாடிக்கையாளர் கணக்கில் ஏறும். பேசும்போது அதை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு எனக்காகவும் உறவினர்களுக்காகவும் பலமுறை கார் எடுத்ததில் பிடிபட்டது இதுதான்: கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்பதைவிட, கிலோமீட்டரையும் மணியையும் எங்கே எண்ணத் தொடங்குகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே கட்டணம் அமைகிறது. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த எல்லைகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்வதற்கான வழிகள். இதில் வரும் வாடகைத் தொகைகளைக் கணக்கு புரிவதற்கான எடுத்துக்காட்டுகளாக மட்டும் கொள்ளவும். டீசல் விலையையும் முகூர்த்த நாளையும் ஒட்டி அவை மாறிக்கொண்டே இருக்கும்.

எந்த வகை வாடகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஓட்டுநரோடு எடுக்கும் கார்களில் மூன்று வகை உண்டு. ஊருக்குள்ளும் ஊரை ஒட்டியும் போய்வருவதற்கு 'லோக்கல் பேக்கேஜ்' என்று, எட்டு மணி நேரத்துக்கு 80 கிலோமீட்டர், பத்து மணி நேரத்துக்கு 100 கிலோமீட்டர் என்ற வகையில் பேசுவார்கள். வெளியூர் போய்த் திரும்புவதற்குக் கிலோமீட்டர் கணக்கு. ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்றோ 300 கிலோமீட்டர் என்றோ வைத்திருப்பார்கள், அதற்குக் குறைவாக ஓடினாலும் அந்தத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். மூன்றாவது, ஒருவழிப் பயணத்துக்கான 'டிராப் டாக்சி'. இதிலும் பெரும்பாலும் 130 கிலோமீட்டர் என்ற குறைந்தபட்சம் உண்டு என்பதால், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிபுரத்துக்கு டிராப் பேசுபவர் போகாத 50 கிலோமீட்டருக்கும் சேர்த்தே பணம் தருகிறார். அதுவே விழுப்புரம், திருச்சி என்று தள்ளிப் போகும்போது டிராப்தான் மலிவு. ஓட்டுநர் இல்லாமல் நாமே ஓட்டிப் போகும் 'செல்ஃப் டிரைவ்' நான்காவது வகை. அதற்கான எச்சரிக்கைகள் வேறு என்பதால் பின்னால் தனியாக எழுதுகிறேன்.

சில டிராவல்ஸ்காரர்கள் குறைந்தபட்சக் கிலோமீட்டருக்குப் பதிலாக 'டே ரென்ட்' என்ற நாள் வாடகையைச் சொல்லி, ஓடும் கிலோமீட்டருக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். கல்யாணத்துக்குப் போய் மண்டபத்து வாசலிலேயே இரண்டு நாள் கார் நிற்கப்போகிறது என்றால் நாள் வாடகை நமக்குச் சாதகம். ஒரே நாளில் நானூறு கிலோமீட்டர் ஓடப் போகிறது என்றால் கிலோமீட்டர் கணக்கே சாதகம். இரண்டு முறையிலும் தொகையைப் போட்டுப் பார்க்காமல் வாய் திறக்க வேண்டாம்.

கார் வேண்டுமா என்ற கேள்வியையும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. விமான நிலையத்துக்குப் போவதற்கென்றே திருவொற்றியூரிலிருந்தும் விம்கோ நகரிலிருந்தும் பலர் கார் பேசுகிறார்கள். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, அதே தடம் வண்டி மாறாமல் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறது. நாலைந்து பெட்டிகளும் வயதானவர்களும் இருந்தால் அது வேறு கதை.

நம்பர் பிளேட்டின் நிறம்

விலை பேசுவதற்கு முன்பே காரின் எண்ணையும் நம்பர் பிளேட்டின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து என்றால் ஓட்டுநரோடு வாடகைக்கு ஓடும் கார். இங்கே அதை 'டி போர்டு' என்பார்கள். கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டுவதற்கு வாடகைக்கு விட அனுமதி பெற்றது. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு ஓடும் மின்சாரக் கார். வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து இருந்தால் அது 'ஓன் போர்டு', அதாவது சொந்த உபயோகத்துக்கு மட்டும் பதிவான வண்டி.

தெருவில் தெரிந்தவர் ஒருவர் தம் ஓன் போர்டு காரை நாளுக்கு இவ்வளவு என்று மலிவாகத் தருவது வடசென்னையில் எங்கும் நடக்கிறது. செல்ஃப் டிரைவ் தொழிலுக்கென 1989-இல் வகுக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம், குறைந்தது 50 கார்கள் வைத்திருப்பவருக்கே உரிமம் என்று வைத்ததால், இரண்டு மூன்று கார் வைத்திருப்பவர்களில் பலர் இந்தக் குறுக்குவழிக்கு வந்துவிட்டார்கள். மலிவுக்கான காரணம் எளிது: வாடகை வண்டிக்குரிய வரியையும் காப்பீட்டையும் அவர் கட்டவில்லை. ஆனால் விபத்து நேர்ந்தால் அந்த மலிவு தலைகீழாகிவிடும். சொந்த உபயோகத்துக்கான காப்பீட்டுப் பத்திரத்திலேயே, வாடகைக்கு விட்ட நேரத்தில் நேரும் சேதம் இதில் சேராது என்ற நிபந்தனை இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் அதைக் காட்டி மறுத்தால், உரிமையாளர் உங்களைத்தான் கேட்பார். அதோடு, அனுமதிக்கு மாறாக வண்டியைப் பயன்படுத்துவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவு 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் சொல்கிறது. அந்தப் பிரிவு உரிமையாளரோடு நிற்காமல் ஓட்டுபவரையும் சேர்த்தே பிடிக்கிறது. என் கருத்தில், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் ஓன் போர்டு காரை வாடகைக்கு எடுக்கக் கூடாது.

தொலைபேசியில் பேசும்போது

புதிதாக வந்தவர்கள் தொலைபேசியில் 'கிலோமீட்டருக்கு எவ்வளவு' என்று கேட்டு, குறைவாகச் சொன்னவரை அமர்த்திவிடுகிறார்கள். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஷெட் எங்கே இருக்கிறது, கிலோமீட்டரும் நேரமும் ஷெட்டிலிருந்தா எங்கள் வீட்டு வாசலிலிருந்தா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். வாசலிலிருந்து என்று ஒப்புக்கொள்பவர் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் பெரும்பாலும் அவரே மலிவு. மூலக்கடை, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் ஷெட் வைத்திருப்பவர்கள் போதுமான அளவுக்கு இருக்கும்போது, இணைய விளம்பரத்தைப் பார்த்துத் தாம்பரத்திலிருந்து காரை வரவழைப்பதில் பொருளில்லை.

நேரக் கணக்கில் இந்தப் பகுதிக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில் அரை மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமாகும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்வதற்கில்லை. ஞாயிறு காலை காசிமேடு மீன் சந்தையை ஒட்டிய சாலைகளில் கார் நகராது. எட்டு மணி நேரப் பேக்கேஜில் இவை எல்லாம் நம் கணக்கில்தான் கழியும். ஆகவே காரை உள்தெரு வரை வரச் சொல்லாமல், கேட்டுக்கு இந்தப் பக்கமுள்ள பெரிய சாலையில் நிற்கச் சொல்லி, நாம் ஐந்து நிமிடம் நடந்து போய் ஏறுவது பல நேரங்களில் ஒரு மணி நேர வாடகையை மிச்சப்படுத்தும்.

அடுத்து, ஓட்டுநர் பேட்டா, அதாவது ஓட்டுநருக்கான நாள் படி, வாடகையில் அடக்கமா தனியா என்று கேளுங்கள். தனி என்றால் நாளுக்கு எவ்வளவு, இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டினால் நைட் பேட்டா என்று வேறாக உண்டா என்பதையும் கேளுங்கள். டோல், பார்க்கிங், வேற்று மாநில பெர்மிட், ஜிஎஸ்டி ஆகிய நான்கையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 'எல்லாம் சேர்த்துத்தான் சார்' என்ற பதிலில் இந்த நான்கும் இல்லாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மலைப்பாதை என்றால் 'ஹில்ஸ் சார்ஜ்' உண்டா, ஏற்றத்தில் ஏசி போடுவார்களா என்பதும் கேட்கத்தக்கதே. எத்தனை பேர் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். செடான் வகைக் காரில் ஓட்டுநரைத் தவிர நான்கு பேருக்குத்தான் அனுமதி. ஐந்தாவது ஆளாகப் பாட்டி கடைசி நிமிடத்தில் கிளம்பினால், அந்த நேரத்தில் பெரிய வண்டிக்கு அவர்கள் சொல்வதுதான் விலை.

பேசி முடித்ததை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, பதில் வாங்கிய பிறகே முன்பணம் போடுங்கள். நான் அனுப்புவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். வரும் சனிக்கிழமை காலை 6 மணிக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து பெரியபாளையம் போய்வர, நான்கு பேருக்கு ஏசி செடான். 8 மணி நேரம், 80 கிலோமீட்டர், 2,200 ரூபாய் என்று பேசியிருக்கிறோம். கிலோமீட்டரும் நேரமும் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கி வாசலிலேயே முடியும். கூடுதல் கிலோமீட்டருக்கு 16 ரூபாய், கூடுதல் மணிக்கு 200 ரூபாய், அரை மணிக்குக் குறைந்தால் கணக்கில்லை. பேட்டா இதில் அடக்கம். டோலும் பார்க்கிங்கும் ரசீதுப்படி நாங்கள் தருகிறோம். வேறு எதுவும் இல்லை. சரி என்றால் ஒரு பதில் போடுங்கள்."

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போவதாக இருந்தால் எட்டு மணி நேரம் என்று பேசாதீர்கள், கூட்டம் விடாது. முதலிலேயே பத்து மணி நேரப் பேக்கேஜாகப் பேசிவிடுவது, பிறகு கூடுதல் மணிகளுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகவே முடியும்.

கார் வாசலுக்கு வந்ததும் ஏறுவதற்கு முன் மீட்டர் ரீடிங்கை, அதாவது காரின் மொத்தக் கிலோமீட்டர் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போதும் எடுங்கள். டிரிப் ஷீட்டில் தொடக்க எண்ணும் நேரமும் எழுதாமல் வெறுமையாக இருந்தால் அதில் கையெழுத்திட வேண்டாம். ஓட்டுநர் முகத்துக்கு நேரே இதைச் செய்யச் சிலர் கூசுகிறார்கள். நல்ல ஓட்டுநர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கணக்கு சரியாக இருந்தால் முதலாளியிடம் அவர்களுக்கும் பேச்சு வராது.

நள்ளிரவுக் கணக்கு

வெளியூர்ப் பயணத்தில் 'ஒரு நாள்' என்பது 24 மணி நேரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். டிராவல்ஸ்காரர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாள் என்பது நள்ளிரவு 12 மணியிலிருந்து அடுத்த நள்ளிரவு 12 மணி வரை. இந்த ஒரு வேறுபாட்டால் ஆகும் செலவைத் திருப்பதிப் பயணத்தை வைத்துப் பார்க்கலாம். இங்கிருந்து திருப்பதி போக ஏறத்தாழ 140 கிலோமீட்டர், போய்வர 280. நாளுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கிளம்பிச் சனிக்கிழமை மாலை திரும்பினால், கடிகாரத்தின்படி இருபது மணி நேரம்தான், ஆனால் கணக்கில் இரண்டு நாள். 500 கிலோமீட்டருக்கு 7,000 ரூபாயும் இரண்டு நாள் பேட்டாவும் தர வேண்டும். அதே காரைச் சனிக்கிழமை அதிகாலை மூன்றரைக்கு வரச் சொல்லி அன்றிரவு பத்து மணிக்குள் திரும்பினால், 280 கிலோமீட்டருக்கு 3,920 ரூபாயும் ஒரு நாள் பேட்டாவும்தான். வித்தியாசம் 3,080 ரூபாய்.

நள்ளிரவு 12.05-க்குக் கிளம்புவது என்ற தந்திரத்தைச் சிலர் சொல்வார்கள். பகல் முழுக்க வேறு சவாரி ஓட்டிவிட்டு வந்தவரின் கையில் அந்த நேரத்தில் குடும்பத்தை ஒப்படைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதிகாலைப் பயணம் என்றாலும், ஓட்டுநர் முந்தின இரவு தூங்கினாரா என்று கேட்டுவிட்டு ஏறுவதுதான் முறை.

திருப்பதி, காளஹஸ்தி, சூலூர்பேட்டை எல்லாம் வடசென்னைக்குப் பக்கத்து ஊர்கள் போல இருந்தாலும் ஆந்திர எல்லைக்குள் இருப்பவை. பெர்மிட் தொகையைப் பேச்சிலேயே முடித்துவிடுங்கள். பெர்மிட்டுக்குப் பணம் தருவதாக இருந்தால் அதற்கான ரசீதின் படத்தை அன்றே வாங்கிக்கொள்ள வேண்டும்; ஏற்கெனவே எடுத்திருந்த ஒரே பெர்மிட்டுக்கு நான்கு வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவது புதிதல்ல.

டோல் விஷயத்தில் இரண்டு குறிப்புகள் போதும். செங்குன்றம் தாண்டியதும் நல்லூர் சுங்கச்சாவடி வந்துவிடுகிறது. தேசிய நெடுஞ்சாலையில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போய்வரச் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குதான், இரு மடங்கு அல்ல. ஓட்டுநர் இரண்டு முழுக் கட்டணமாக எழுதியிருந்தால் பாஸ்டேக் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்லலாம். இரண்டாவது, பாஸ்டேக் வேலை செய்யாமலோ அதில் பணம் இல்லாமலோ வேறு வழியில் கட்டினால் கட்டணம் கூடும். அந்தத் தண்டம் டிராவல்ஸ்காரருடையது, நம்முடையது அல்ல.

நீங்களே ஓட்டுவதாக இருந்தால்

செல்ஃப் டிரைவ் கார் எடுக்க, வாடகை வண்டி ஓட்டுநர்களுக்கான 'பேட்ஜ்' வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனத்தையும் ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. உரிமம் டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். உங்கள் பெயரில் எடுத்த காரை மச்சான் ஓட்டுவதாக இருந்தால், அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காமல் அவர் ஓட்டி இடித்தால், ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லி முழுச் செலவையும் உங்கள் தலையில் கட்டுவார்கள்.

அடையாளத்துக்கு ஆதார் கேட்பார்கள். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக் கொடுக்கலாம். அசல் உரிமம், அசல் ஆதார், பாஸ்போர்ட், உங்கள் பைக்கும் அதன் ஆர்சி புத்தகமும், தொகை எழுதாத காசோலை ஆகியவற்றை ஈடாகக் கேட்பவரிடமிருந்து கார் எடுக்காமல் திரும்பிவிடுவதே நல்லது. பணமாக டெபாசிட் கொடுத்தால் அதிகபட்சம் அந்தப் பணத்தோடு போகும். அசல் ஆவணம் அவர்கள் கையில் இருந்தால் எந்தத் தொகைக்கும் நீங்கள் தலையாட்ட வேண்டியிருக்கும். டெபாசிட்டையும் யுபிஐ வழியாக 'டெபாசிட்' என்ற குறிப்போடு அனுப்புங்கள். எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் படிக்க வேண்டிய வரிகள் ஐந்தாறுதான் என்றாலும் அவற்றை நிதானமாகப் படிக்க வேண்டும். வாடகைக்குள் எத்தனை கிலோமீட்டர் அடங்கும், மேல் ஓடினால் என்ன வீதம் என்பது ஒன்று. தாமதமாகத் திருப்பினால் என்ன என்பது இன்னொன்று. முன்கூட்டிச் சொல்லி நீட்டித்தால் வழக்கமான வாடகையும், சொல்லாமல் தாமதித்தால் அதைப்போல் இருமடங்குக்கு மேலும் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேகத்துக்கும் சிலர் தனி அபராதம் வைத்திருக்கிறார்கள். காரிலுள்ள ஜிபிஎஸ் கருவி அதை அவர்களுக்குச் சொல்லிவிடும். கார் இடிபட்டால் நாம் கட்ட வேண்டிய உச்சத்தொகை எவ்வளவு, அந்த உச்சத்தொகைக்குள் டயர், கண்ணாடி, அடிப்பாகம், சாவி ஆகியவை சேருமா சேராதா என்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். பெரும்பாலும் சேராது. கார் சாவி தொலைந்தால் செலவு ஆயிரங்களில் போகும் என்பதால், காசிமேட்டுக் கூட்டத்தில் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைய வேண்டாம்.

காசிமேடு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். வாடகைக் காரின் பின்பெட்டியில் மீன் வாங்கி வைத்துவிட்டு, ஐஸ் உருகி விரிப்பில் இறங்கினால், எத்தனை முறை கழுவினாலும் அந்த வாடை போகாது. 'கிளீனிங் சார்ஜ்' என்ற வரிக்கு முழு உரிமையோடு பணம் கேட்பார்கள், அதில் அவர்கள்மீது குற்றம் சொல்ல முடியாது. மூடியுள்ள தெர்மோகோல் பெட்டியில் வாங்குங்கள், அல்லது மீனுக்கு ஆட்டோ பிடியுங்கள்.

காரைக் கையில் வாங்கும் கால் மணி நேரத்தில் கவனமாக இருந்தால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். எண்ணூர், மணலிப் பக்கம் நின்ற கார்மீது ஒரே நாளில் தூசி படிந்துவிடுகிறது. தூசிக்கு அடியிலுள்ள கீறல் வாங்கும்போது தெரியாது, திருப்பித் தரும்போது கழுவிப் பார்த்தால் தெரியும். ஆகவே கழுவிய காரைத்தான் வாங்குவேன் என்று சொல்லுங்கள், குறைந்தது ஒரு வாளித் தண்ணீராவது ஊற்றச் சொல்லுங்கள். இரவில் தெருவிளக்கில் வாங்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு, நம்பர் பிளேட்டில் தொடங்கிக் காரை ஒரு சுற்றுச் சுற்றி, நான்கு சக்கரத்தின் விளிம்புகள், பம்பரின் கீழ்ப்பகுதி, பக்கக் கண்ணாடிகள், முன்கண்ணாடி, மேற்கூரை என்று நிதானமாக எடுங்கள். பிறகு உள்ளே உட்கார்ந்து மீட்டர் ரீடிங், எரிபொருள் முள், எரியும் எச்சரிக்கை விளக்குகள், இருக்கை, ஏசி ஆகியவற்றையும், பின்பெட்டியில் ஸ்டெப்னி, ஜாக்கி இருப்பதையும் எடுங்கள். கண்ணில் பட்ட கீறல்களை வாயால் சொல்லிக்கொண்டே எடுப்பது நல்லது. எடுத்த வீடியோவைக் கார் கிளம்பும் முன்பே அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். அனுப்பிய நேரம் அதில் பதிவாகிவிடுவதால் பிறகு யாரும் மறுக்க முடியாது. எரிபொருளை எந்த அளவில் வாங்கினீர்களோ அதே அளவில் திருப்பித் தருவதுதான் நியாயமான முறை; காலியான டேங்க்கோடு கொடுத்து 'நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்' என்பவர்களிடம், மிச்சம் இருக்கும் டீசல் அவர்களுக்கு இனாமாகப் போகும்.

அப்படியே காரின் எண்ணைப் பரிவாகன் இ-சலான் தளத்தில் போட்டு, நிலுவையிலுள்ள அபராதங்களைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு, மாசுச் சான்று, தகுதிச் சான்று ஆகியவை காலாவதியாகவில்லை என்பதையும் எம்-பரிவாகன் செயலியில் பார்த்துவிடலாம். காப்பீடு இல்லாத காரை ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறைக்கே 2,000 ரூபாய். அதைவிட, அந்தக் கார் யார்மீதாவது மோதினால் வரும் இழப்பீட்டுக்கு எல்லையே இல்லை.

நிறுத்துமிடத்தையும் முன்பே யோசியுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் பல தெருக்களில் ஒரு கார் நின்றால் ஒரு மீன்பாடி வண்டி உரசாமல் போக முடியாது, ஜவுளிக் கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் பண்டிகைக் காலத்தில் கார் நுழைவதே தவறு. என் உறவினர் ஒருவர் மூன்று நாள் எடுத்த காரை ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாத இரண்டாவது நாள் இரவில், தெருவில் நின்ற இடத்திலேயே யாரோ கீறிவிட்டுப் போனார்கள். உச்சத்தொகைக்கு உட்பட்டு 4,500 ரூபாய் கட்டினார். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இரவுக்குப் பணம் கொடுத்து நிறுத்தியிருந்தால் மிகச் சிறிய தொகையில் முடிந்திருக்கும்.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை செல்ஃப் டிரைவ் எடுப்பவர்கள் காப்பீட்டில் எஞ்சினுக்கான கூடுதல் பாதுகாப்பு உண்டா என்று கேட்க வேண்டும். சாதாரண முழுக் காப்பீட்டில் வெள்ளத்தால் வரும் சேதம் சேரும் என்றாலும், தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் நீர் புகுந்து கெட்டால், அதை ஓட்டுபவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பழுதுக்கான செலவு சிறிய காருக்குக் கூட இலட்சத்தைத் தொடும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது நடு இரவில் காரைக் காப்பாற்றப் போய் ஸ்டார்ட் செய்தவர்களுக்குத்தான் பெரிய பில் வந்தது. விட்டுவிட்டு மாடிக்குப் போனவர்களுக்கு உள்விரிப்பைக் காயவைக்கும் செலவோடு முடிந்தது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் முன்னால் போகும் பேருந்து தாண்டிவிட்டது என்பதற்காக உங்கள் காரை இறக்க வேண்டாம். தண்ணீரில் கார் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாமல் இறங்கி, படம் எடுத்து, நிறுவனத்தைக் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, இழுவை வண்டிக்காகக் காத்திருங்கள்.

காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு

கொடுக்கும்போதும் அதே சுற்று வீடியோவை எடுங்கள். எதிரில் நிற்பவரை 'கார் சரியாக வந்துவிட்டது' என்று ஒரு செய்தி அனுப்பச் சொல்லிவிட்டு, அது வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். சாவியைக் காவலாளியிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்றால் சம்மதிக்க வேண்டாம். சேதம் என்று ஏதேனும் சொன்னால், வாய்க்கணக்கில் பணம் தராமல், பணிமனையின் மதிப்பீட்டையும் பழுதுபார்த்த ரசீதையும் கேளுங்கள். ஏற்கெனவே பத்துக் கீறல் உள்ள பம்பரில் பதினோராவது கீறலுக்காக முழுப் பம்பருக்கும் பெயின்ட் அடிக்கும் செலவைக் கேட்டால், புறப்படும்போது எடுத்த வீடியோவைத் திறந்து காட்டிப் பேசுங்கள்; பெரும்பாலும் பேச்சு அங்கேயே தணிந்துவிடும்.

சில வாரம் கழித்து 'உங்கள் நாளில் சிக்னல் மீறல் அபராதம் வந்திருக்கிறது' என்று அழைப்பு வரலாம். கேமரா சலான்கள் தாமதமாக வருவது உண்மைதான். ஆனால் சலானின் முழுப் படத்தை அனுப்பச் சொல்லி, அதிலுள்ள தேதி, நேரம், இடம் மூன்றும் உங்கள் ஒப்பந்த நேரத்துக்குள் அடங்குகின்றனவா என்று பாருங்கள். அடங்கினால் தளத்தில் நீங்களே நேரடியாகக் கட்டி ரசீதை அனுப்பிவிடுங்கள், அவர்கள் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம். டோல் பாக்கி என்று கேட்டாலும் இதே முறைதான், பாஸ்டேக் விவரம் வேண்டும்.

சொன்ன நாளில் டெபாசிட் வரவில்லை என்றால் முதலில் வாட்ஸ்அப்பில் அல்ல, மின்னஞ்சலில், தேதி குறிப்பிட்டு ஒரு வாரக் கெடு கொடுத்துக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம், தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாதவர்கள்மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போட 2 ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அங்கே கேட்கப்போவது ஒப்பந்தம், பணம் அனுப்பிய ரசீது, இரண்டு வீடியோக்கள், வாட்ஸ்அப் பதில்கள் ஆகியவையே. ஆகவே டெபாசிட் திரும்பி வந்த மறுநாளே கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அவற்றை அழித்துவிடாமல், குறைந்தது ஆறு மாதமாவது ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.